தேம்ஸ் டிட்டன் நாகம்

ஒரு மோட்டார் வண்டியின் சொந்த இயந்திரத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, அதைவிட வலிமை மிகுந்த வேற்று தேசத்து இயந்திரம் ஒன்றை அதன் ஸ்தானத்தில் அமர்த்துவது, எட்ட நின்று பார்ப்பவர்களுக்கு வெறும் பட்டறைச் சாகசமாகவே தோன்றும். பழையது இறங்கும், புதியது செயின் பிளாக்கில் தொங்கியபடி உள்ளே போகும், நாலு போல்ட்டுகள் முறுக்கப்படும், அதன்பின் வண்டி முன்னைவிட வேகமாக ஓடும் என்பதற்கு மேல் அதில் ரஸிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கலாம். ஆனால் இந்தத் தொழிலின் உத்தமமான சிருஷ்டிகளை நிதானமாக ஆராய்ந்து பார்த்தவர்கள், அங்கே வலிமைக்கும் முன்பாக ஔசித்யம் என்கிற குணமே ஆட்சி செய்வதைக் கண்டிருப்பார்கள். எந்த உடலுக்கு எவ்வளவு பலம் தகும், அந்தப் பலத்தை எங்கே இருத்தினால் உடலின் சுபாவம் கெடாமல் நிற்கும், எந்தெந்த அங்கத்தை உரப்படுத்த வேண்டும், எதைத் தொடாமலே விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் அறிகிற விவேகம் அது. அந்த விவேகத்தின் பூரணமான உருவமாக நான் கருதுவது, 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸர்ரே ஜில்லாவைச் சேர்ந்த தேம்ஸ் டிட்டனிலும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸிலுமாக உருப்பெற்ற ஏ.சி. கோப்ரா என்னும் வண்டியை.

கோப்ராவின் பூர்விகம் ஏஸ் என்ற சிறிய திறந்த வண்டி. ஜான் டொஜீரோ என்ற பந்தயக்கார் நிபுணர் வகுத்த சட்டத்தின் அமைப்பை, ஏ.சி. கம்பெனியின் உரிமையாளர்களான ஹர்லக் குடும்பத்தார் தமக்கென்று பெற்று, 1953-ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் ஏஸை ஜனங்களின் பார்வைக்கு வைத்தார்கள். அந்தச் சட்டத்தைப் போல் எளிமையான ஒன்றைக் காண்பது அரிது. மூன்று அங்குல விட்டமுள்ள இரண்டு எஃகுக் குழாய்கள் முன்னிருந்து பின்வரை இணையாக ஓட, அவற்றைக் குறுக்குக் குழாய்கள் பிணைக்க, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகக் குறுக்குவாட்டில் கிடக்கும் கமான் பட்டைகள் நான்கு சக்கரங்களையும் தனித்தனியே ஏந்தி நிற்கும். அதன்மேல், இத்தாலியின் டூரிங் பட்டறையார் ஃபெராரி 166 பார்க்கெட்டாவுக்குத் தந்த வடிவத்தின் சாயலில், கையால் தட்டி உருட்டிய அலுமினியத் தகட்டின் உடல். ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள அந்த வண்டியில், கண்ணை உறுத்தும்படியான ஒரு வளைவோ காரணமில்லாத ஒரு கோடோ கிடையாது.

உடல் இத்தனை லட்சணமாக அமைந்திருந்தும், அதற்கென்றே பிறந்த இயந்திரம் ஒன்று ஏஸுக்குக் கடைசிவரை வாய்க்கவே இல்லை. முதலில் வைத்தது ஏ.சி.யின் சொந்த ஆறு சிலிண்டர் இயந்திரம். ஜான் வெல்லர் 1919-இல் வகுத்த அது, தன் காலத்தில் மகா நவீனமாக இருந்தும், முப்பத்து நான்கு வயதுக்குமேல் ஒரு பந்தய வண்டியைச் சுமக்கும் தெம்பை இழந்திருந்தது. 1956 முதல் பிரிஸ்டல் இயந்திரம் வந்தது. அதைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்லத்தான் வேண்டும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 328 வண்டிக்காக வகுக்கப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகு பிரிஸ்டல் விமானக் கம்பெனியாரின் கைக்கு வந்து சேர்ந்த அந்த அமைப்பில், கேம் ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதுவும் கீழே பிளாக்கின் விலாவில். ஆயினும் அரைக்கோள வடிவான எரியறையின் இருபுறமும் சாய்ந்து நிற்கும் வால்வுகள் அனைத்தையும் அந்த ஒன்றே இயக்க வேண்டுமென்பதற்காக, தள்ளுகோல்களின் ஒரு வரிசை மேலே ஏறி, அங்கிருந்து குறுக்காக இன்னொரு வரிசைக்கு விசையைக் கைமாற்றி, எதிர்ப்புறத்து வால்வுகளைத் தொடும்படி செய்திருந்தார்கள். இரண்டு லிட்டருக்கும் சற்றுக் குறைந்த கொள்ளளவில் ஏறக்குறைய 120 குதிரைசக்தியைத் தந்த அந்த இயந்திரத்துடன் ஏஸ் ஐரோப்பாவின் பந்தயத் தளங்களில் பெரும் கீர்த்தி பெற்றது. 1959-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் ஏஸ் பிரிஸ்டல் ஒன்று தன் வகுப்பில் முதலாவதாகவும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழாவதாகவும் வந்தது. அதே பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டின் வண்டியில் ராய் ஸால்வடோரியுடன் சேர்ந்து முதற்பரிசை வென்றவர், காரல் ஷெல்பி என்ற டெக்ஸாஸ்காரர். பின்னால் ஒன்றையொன்று சேரப்போகிற மனிதரும் வண்டியும், அந்த இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே பாதையில் ஓடியிருக்கிறார்கள்.

1961-இல் பிரிஸ்டல் கம்பெனியார் அந்த இயந்திரத்தைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். வொர்திங் நகரத்துக் கென் ரட் என்பவர், பிரிட்டிஷ் ஃபோர்டின் ஸெஃபயர் வண்டியில் இருந்த 2.6 லிட்டர் இயந்திரத்தை ஏஸில் வைக்க முன்வந்தார். குடும்பக் காருக்காகச் செய்யப்பட்ட அந்த எளிய இயந்திரத்துடன் உருவான வண்டிகள் நாற்பதைக்கூட எட்டவில்லை. ஆனாலும் அவற்றுக்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். ஸெஃபயர் இயந்திரம் பிரிஸ்டலைவிட உயரம் குறைந்தது ஆகையால், வண்டியின் முகத்தை இன்னும் தாழ்த்தி, முன்வாயைச் சிறிதாக்கி அமைக்க முடிந்தது. கோப்ராவின் முகம் என்று உலகமே கொண்டாடுகிற அந்த அழகு, உண்மையில் இந்த அற்பாயுள் வண்டிக்காக வரையப்பட்டது.

ஆங்கிலேய உடலில் அமெரிக்க வி-8 இயந்திரத்தை வைப்பது ஷெல்பி கண்டுபிடித்த யுக்தியல்ல. லண்டனின் கிளாப்பம் பகுதியில் ஸிட்னி ஆலார்டு அதை முன்னமே சம்பிரதாயமாக்கியிருந்தார். காடிலாக் வி-8 பூட்டிய தம் ஜே-2 வண்டியில் டாம் கோலுடன் சேர்ந்து 1950-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர் அவர். ஆலார்டு வண்டிகள் பல, இயந்திரம் இல்லாத வெற்றுடலாகவே கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே வாங்கியவரின் விருப்பம்போல் ஓர் இயந்திரத்தைப் பெற்றன. ஷெல்பியே தமது பந்தய வாழ்வின் ஆரம்ப வருஷங்களில் காடிலாக் பூட்டிய ஆலார்டில் ஓடியவர்தான். அந்த வண்டியின் வீரியத்தை அவர் அறிவார். அதன் குறையையும் அறிவார். காடிலாக் இயந்திரம் 300 கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பு. அவ்வளவு பாரம் முன்னச்சில் வந்து உட்காரும்போது, நேர்ச்சாலையில் சிங்கமாகப் பாயும் வண்டி திருப்பத்தில் சாரதியின் சொல்லைக் கேட்க மறுக்கிறது. ஆலார்டை நான் வணங்குகிறேன். அந்தத் துணிச்சல் இல்லாமல் பின்னால் வந்தவை எதுவும் பிறந்திரா. ஆனால் அது வலிமை மட்டும் கைகூடிய கலை. அளவு இன்னும் கைகூடவில்லை.

நெஞ்சுவலியின் காரணமாக 1960-இன் முடிவில் பந்தயங்களைத் துறந்துவிட்ட ஷெல்பி, பிரிஸ்டல் இயந்திரம் நின்றுபோனது தெரிந்ததும், 1961 செப்டம்பரில் சார்லஸ் ஹர்லக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்க வி-8 ஒன்றுக்கு ஏற்றபடி ஏஸைச் சற்று மாற்றித் தருவீர்களா என்பது அதன் சாரம். தகுந்த இயந்திரம் கிடைத்தால் செய்யலாம் என்று சம்மதம் வந்தது. ஷெவர்லே கம்பெனியார் தம் கார்வெட் வண்டிக்குத் தாமே ஒரு போட்டியை வளர்த்துவிட விரும்பாமல் மறுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஃபோர்டு கம்பெனியார், 1962-ஆம் ஆண்டு ஃபேர்லேன் காருக்காக, 221 கன அங்குல அளவில் புதிய வி-8 ஒன்றைத் தயாரித்திருக்கிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது.

அந்த இயந்திரத்தின் மகிமை அதன் வார்ப்பில் இருக்கிறது. முன்னாளைய இரும்பு பிளாக்குகளை வார்க்கும்போது, உள்ளே வைக்கும் மணல் கருக்கள் சற்று இடம் பெயர்ந்துவிட்டாலும் சுவர் எங்காவது ஓட்டையாகிவிடக் கூடாதே என்ற பயத்தால், சுவர்களை எங்கும் தடிப்பாகவே வார்ப்பது வழக்கம். ஃபோர்டு வார்ப்படசாலையினர் அந்தக் கருக்களைத் துல்லியமாக நிறுத்தக் கற்றுக்கொண்டு, சுவர்களை மெலிதாக வார்த்தார்கள். விளைவாக, சாதாரண இரும்பிலேயே, ஏறக்குறைய 210 கிலோ எடையில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட முழு இயந்திரம் ஒன்று கிடைத்தது. அது ஏஸின் பழைய ஆறு சிலிண்டரைவிடச் சற்றே கனம், அவ்வளவுதான். மேலும், ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்பதைவிட, நான்கு நான்காக இரு சாய்வரிசையில் நிற்கும் எட்டு சிலிண்டர்கள் நீளத்தில் குறைவு. இவற்றோடு இன்னொரு சிறு விஷயமும் சேர்ந்தது. ஃபோர்டு இயந்திரத்தின் டிஸ்ட்ரிப்யூட்டர் முன்புறத்தில் இருக்கிறது. ஆகையால் இயந்திரத்தின் பின்முகத்தைத் தடுப்புத் தகட்டுக்கு வெகு சமீபமாகத் தள்ளி அமர்த்தலாம். எடை குறைவு, நீளம் குறைவு, பின்னே தள்ளி உட்காரும் சௌகரியம் ஆகிய மூன்றும் கூடியதால், முன்னைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட பலம் வந்து சேர்ந்தும், ஏஸின் முன்பின் சமநிலை ஏறக்குறைய அப்படியே நிலைத்தது. வேறு வேறு கண்டங்களில், வேறு வேறு நோக்கத்தோடு, ஒன்றையொன்று கனவிலும் எண்ணாமல் படைக்கப்பட்ட இரண்டு பொருள்கள் இப்படி அங்குலம் பிசகாமல் பொருந்திப்போவதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் சிலிர்க்கிறது.

1962 ஜனவரியில் தேம்ஸ் டிட்டனிலேயே 221 அங்குல இயந்திரத்தை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, வெற்றுடலை விமானத்தில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே ஸாண்டா ஃபே ஸ்பிரிங்ஸில் டீன் மூன் என்பவரின் பட்டறையில், 260 அங்குலம், அதாவது 4.2 லிட்டர் கொண்ட பெரிய தம்பியைப் பூட்டி, எட்டு மணி நேரத்துக்குள் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது பிரசித்தமான செய்தி. எட்டு மணி நேரம் என்ற அந்தக் கணக்கைப் பலரும் கைவேகத்தின் பெருமையாகச் சொல்லுவார்கள். எனக்கு அது தேர்வின் பெருமையாகவே படுகிறது. பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பொருத்துவதில் பெரிய சிரமம் இருப்பதில்லை.

ஆனால் இயந்திரம் உள்ளே அமர்ந்ததோடு காரியம் முடிந்துவிடாது என்பதை இந்தத் தொழிலை அறிந்த யாவரும் ஒப்புக்கொள்வார்கள். புதிய பலம் இயந்திரத்தில் புறப்பட்டு, கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், அச்சு, சக்கரம் என்று வரிசையாக ஒவ்வோர் அங்கத்தின் கதவையும் தட்டி, நீ தாங்குவாயா என்று பரீட்சை செய்துகொண்டே போகிறது. தாங்காத அங்கம் எதுவோ அங்கே அது வெளிப்பட்டுவிடுகிறது. ஏஸின் பழைய டிஃபரன்ஷியல் இந்தப் பலத்துக்கு ஈடு கொடாது என்று கண்டு, அதனிடத்தில் ஸாலிஸ்பரி கம்பெனியின் உறுதியான டிஃபரன்ஷியலை வைத்தார்கள். நான்கு வேக போர்க்-வார்னர் கியர்பாக்ஸ் வந்தது. முதல் வண்டியில் டிஃபரன்ஷியலை ஒட்டி உட்புறமாக இருந்த பின் பிரேக்குகள், அடுத்த வண்டிகளில் சக்கரத்துக்கே இடம் மாறின. 1962 அக்டோபரில் கலிபோர்னியாவின் ரிவர்ஸைடு தளத்தில் தன் முதல் பந்தயத்துக்கு வந்த கோப்ரா, புத்தம் புதிய கார்வெட் ஸ்டிங் ரே வண்டிகளை விட்டு விலகி முன்னே ஓடிக்கொண்டிருக்கையில், பின்சக்கரத்தின் அச்சுமுனை முறிந்து நின்றது. தோல்விதான், ஆனால் எதை உரப்படுத்த வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் சொல்லியிருக்காது. 1963 ஜனவரியில் அதே தளத்தில் டேவ் மக்டானல்டு முதலாவதாகவும், கென் மைல்ஸ் இரண்டாவதாகவும் வந்தார்கள், இரண்டும் கோப்ராக்கள்.

ஸ்டியரிங்கின் திருத்தமே எல்லாவற்றிலும் என் மனத்துக்கு உகந்தது. ஏஸிலிருந்து வந்த பழைய வகை ஸ்டியரிங் பெட்டி, 120 குதிரைசக்திக்கு இதமாக இருந்ததே ஒழிய, 260 குதிரைசக்தியில் மேடுபள்ளம் காணும்போதெல்லாம் சக்கரத்தைத் தன்னிச்சையாகத் திருப்பிவிடப் பார்த்தது. ஏ.சி.யின் வடிவமைப்பாளர் ஆலன் டர்னர், 1963-இன் தொடக்கத்தில், முன்பக்கத்தை ராக் அண்ட் பினியன் முறைக்கு மாற்றி அமைத்தார். அதற்கான பற்சட்டத்தை எம்.ஜி.பி. வண்டியிலிருந்தும், ஸ்டியரிங் தண்டை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியிலிருந்தும் எடுத்துக்கொண்டார். உலகத்தின் அதிவேக வண்டிகளுள் ஒன்றுக்கு, சாமானிய ஜனங்கள் ஆபீஸுக்குப் போகும் காரின் உறுப்பைத் தயக்கமில்லாமல் சேர்த்த அந்தப் பண்பு, பகட்டில் ஆசையில்லாத உண்மையான தொழில் ஞானத்தின் அடையாளம். தகுதி ஒன்றையே பார்த்தார், பெயரைப் பார்க்கவில்லை.

அதே சமயத்தில் இயந்திரமும் 289 அங்குலமாக, 4.7 லிட்டராக வளர்ந்து, 271 குதிரைசக்தியைத் தந்தது. கமான் பட்டைகள் அப்படியே இருந்தன; மூன்று அங்குலக் குழாய்களும் அப்படியே; அகலமான டயர்களை மறைக்கும் அளவுக்கு மட்டும் மட்கார்டுகளின் விளிம்பு மெல்ல வெளியே மடிந்தது. இந்த 1963-ஆம் ஆண்டுக் கோப்ராவே இந்தக் கலையின் சிகரம் என்பது என் திடமான அபிப்பிராயம். பிரிஸ்டல் இயந்திரத்தில் பலத்தை வேண்டுமானால் சுழற்சியை உச்சத்துக்கு ஏற்றி, கியரை ஓயாமல் மாற்றி, கெஞ்சிப் பெற வேண்டியிருந்தது. இங்கேயோ தாழ்ந்த சுழற்சியிலேயே பலம் காத்திருந்து, மிதித்த அளவுக்கு மிதித்த கணத்தில் வந்து நிற்கும். அப்படியிருந்தும் வண்டி இன்னும் அதே ஏஸ்தான்; அதே குறுகிய இடை, அதே தாழ்ந்த கதவு, திருப்பத்தின் ஒவ்வொரு செய்தியையும் உள்ளங்கைக்கு எடுத்துவரும் அதே லாகவம். சட்டம் சற்று நெளியும், பட்டைகள் முழுக்க அமுங்கும்போது சக்கரம் சாயும் என்று குறை சொல்பவர்கள் உண்டு, அவை மெய்தான். ஆனால் அந்த நெளிவு தன் எல்லையை முன்னறிவித்துவிட்டே எல்லையைத் தொடுகிறது. சாரதிக்கு எச்சரிக்கை தராத விறைப்பைவிட இதையே நான் மேலாக மதிக்கிறேன்.

பெரும்பாலோருடைய மனத்தில் கோப்ரா என்றதும் எழுவது 1965-ஆம் ஆண்டின் 427. ஏழு லிட்டர் இயந்திரம், நான்கு அங்குலக் குழாய்கள், கமான் பட்டைகளுக்குப் பதிலாக, ஃபோர்டு பொறியாளர்களின் துணையோடு வகுத்த சுருள் ஸ்பிரிங்குகள், புடைத்த தோள்கள். சட்டம் எல்லா வகையிலும் பழையதைவிட உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த இயந்திரம், வீணைக் கச்சேரிக்குத் தவிலைப் பக்கவாத்தியமாக அமர்த்தியது போன்றது. தவில் மகத்தான வாத்தியம், ஆனால் வீணை காதில் விழாமல் போய்விடும். சாலைக்கென்று விற்ற வண்டிகள் பலவற்றில் 427-க்குப் பதிலாக, விலை குறைந்த 428 இயந்திரம் இருந்தது என்பதும், அதை வைத்துக்கொண்டே அவற்றின் சொந்தக்காரர்கள் வேகத்தில் ஒரு குறையும் காணவில்லை என்பதும், அந்தப் பலம் தேவையின் எல்லையைக் கடந்துவிட்டதையே காட்டுகின்றன.

ஸன்பீம் டைகரையும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ரூட்ஸ் கம்பெனியார் தம் சாதுவான ஆல்பைன் வண்டியில் அதே 260 அங்குல ஃபோர்டு இயந்திரத்தை வைத்து 1964-இல் கொணர்ந்த அது, விலைக்கு மிக நல்ல வண்டி. ஆனால் வெஸ்ட் பிராமிச்சில் ஜென்ஸன் தொழிற்சாலையில், வர்ணம் பூசி வந்த உடலின் தடுப்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து உள்ளே ஒதுக்கித்தான் இயந்திரத்துக்கு இடம் செய்தார்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டுமானால் வண்டியின் உள்ளேயிருந்து ஒரு துவாரத்தின் வழியாகக் கையை நீட்ட வேண்டும். கிரைஸ்லர் கம்பெனியார் ரூட்ஸைத் தம்வசப்படுத்திக்கொண்டபோது, போட்டிக் கம்பெனியின் இயந்திரத்தை விற்க விரும்பாமல் தம்முடைய வி-8-ஐ அதில் வைக்கப் பார்த்தார்கள். அதற்கு டிஸ்ட்ரிப்யூட்டர் பின்புறத்தில் இருந்ததால் இடம் கொள்ளவில்லை. 1967-இல் டைகரே நின்றுபோயிற்று. ஏஸுக்குத் தானாக வந்து வாய்த்த அனுகூலம் எத்தனை அருமையானது என்பதை இந்தச் சிறு வண்டியின் வரலாறே எடுத்துச் சொல்கிறது.

கோப்ராவின் பந்தய விருதாவளியை நான் விரிக்கப் போவதில்லை; ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பீட் பிராக் வரைந்த கூரையை அணிந்து டேட்டோனா கூப்பே என்ற பெயர் பெற்ற கோப்ரா, 1964-இல் டான் கர்னி, பாப் பாண்டுரன்ட் இருவரின் கையில் லெ மானில் ஜி.டி. வகுப்பை வென்றது. 1965 ஜூலை 4 அன்று, பிரான்ஸின் ரேம்ஸ் தளத்தில், ஃபெராரியிடமிருந்து ஜி.டி. உலகப் பட்டத்தையே பறித்துக்கொண்டது. அந்த வருஷத்துக்கு 427-ஐயே களமிறக்க எண்ணியிருந்தார்கள். அங்கீகாரத்துக்கு வேண்டிய 100 வண்டிகள் உரிய காலத்தில் தயாராகாமல் போகவே, பட்டத்தை வென்றது பழைய குழாய்ச் சட்டமும் கமான் பட்டையும் கொண்ட 289-தான்.

தேம்ஸ் டிட்டன்காரர்களின் அபிப்பிராயம் என்ன என்பதும் பின்னால் தெரியவந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தேவை ஓய்ந்து, தம் விருப்பப்படி ஐரோப்பியருக்கு வண்டி செய்யும் சுதந்திரம் கிடைத்தபோது, அவர்கள் 427-க்காக வகுத்த நான்கு அங்குலக் குழாய்ச் சட்டத்தையும் சுருள் ஸ்பிரிங்குகளையும் எடுத்துக்கொண்டு, அதில் 289 இயந்திரத்தை வைத்தார்கள். கோப்ரா என்ற பெயரைக்கூடச் சூட்டாமல், ஏ.சி. 289 என்று மட்டும் எழுதி அவர்கள் விற்ற அந்த வண்டிகள் முப்பதைக்கூட எட்டவில்லை. நீண்ட தூரம் சாலையில் ஓட்டுவதற்கென்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால், 1963-ஆம் ஆண்டின் கமான் பட்டைக் கோப்ராவுக்கு அடுத்தபடியாக நான் கை நீட்டுவது இதன் பக்கம்தான். மழை பெய்யும் நாளாக இருந்தால், ஒருவேளை இதற்கே முதலிடம் கொடுப்பேன்.